பற்றரி ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது? மோட்டார் சைக்கிளின் சார்ஜ் கோளாறை அளந்து கண்டுபிடித்தல்

உங்கள் கேள்வியின் சாரம் இது. நிலாவெளியிலிருந்து தினமும் திருகோணமலை நகருக்கு வேலைக்கு வந்து போகும் உங்கள் 150 சீசீ மோட்டார் சைக்கிளில் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பற்றரிகளை மாற்றிவிட்டீர்கள்; மூன்றாவதும் இப்போது காலையில் செல்ப் எடுக்க மறுக்கிறது. கிக் அடித்தால் எஞ்சின் உடனே பிடிக்கிறது. ஓடும்போது ஹெட்லைட் வெளிச்சமாக எரிகிறது. ஆனால் சந்தியில் நிற்கும்போது ஹோர்ன் கம்முகிறது. ஒரு கராஜில் கொயில் கட்ட வேண்டும் என்கிறார்கள், இன்னொரு கராஜில் ரெகுலேற்றரை மாற்றச் சொல்கிறார்கள், பற்றரி விற்றவர் பற்றரியில் குறை இல்லை என்கிறார். வண்டியில் மேலதிகமாக இரண்டு எல்ஈடி விளக்குகளும் ஓர் அலாரமும் பூட்டியிருக்கிறீர்கள். எதை முதலில் மாற்றுவது என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகள் அத்தனையும் கொயில் எரிந்திருந்தாலும் வரும், ரெகுலேற்றர் பழுதாகியிருந்தாலும் வரும், ஒரு வயர் மூட்டு உப்புப் பிடித்திருந்தாலும் வரும், பற்றரியே கெட்டிருந்தாலும் வரும். ஆகவே அறிகுறியை மட்டும் கேட்டுவிட்டு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்பவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்துக்கான விலையை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். வோல்ற்றளவு, மின்னோட்டம், தடை மூன்றையும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்ட்டி மீற்றர் ஒன்றை வாங்குவதற்கு ஒரு பற்றரியின் விலையில் சிறு பங்கே போதும். அதைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் செய்யக்கூடிய சில அளவீடுகள் இந்த நான்கில் எது குற்றவாளி என்பதைக் காட்டிவிடும்.

பற்றரி மின்சாரத்தை உண்டாக்கும் இடமன்று, சேர்த்து வைக்கும் இடம். கந்தளாய்க் குளத்தில் நீர் வற்றினால், வரத்து வாய்க்காலில் நீர் வரவில்லையா, அணைக்கட்டில் எங்கேனும் கசிகிறதா, வரத்துக்கு மிஞ்சி வயலுக்குத் திறந்துவிடுகிறார்களா, அல்லது குளமே தூர்ந்து போய்விட்டதா என்று நான்கு கேள்விகளைத்தான் கேட்க முடியும். உங்கள் வண்டிக்கும் அதே நான்கு கேள்விகள்தான். வரத்து என்பது எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் ஸ்டேற்றர் கொயிலிலிருந்து தொடங்குகிறது. அதைச் சுற்றிக் காந்தங்கள் பதித்த சக்கரம் சுழலும்போது கொயிலில் ஆடலோட்ட மின் பிறக்கிறது. ரெகுலேற்றர் அதை நேரோட்டமாக மாற்றி, 14 வோல்ற்றைச் சற்றுத் தாண்டிய அளவில் கட்டுப்படுத்துகிறது. அது வயர், கனெக்டர், பியூஸ் வழியாகப் பற்றரிக்கு வந்து சேருகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் அறுந்தாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சிறு வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் 50 அம்பியர் வரை இழுக்கிறது என்றும், இரண்டு விநாடி சுற்றி எஞ்சின் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், செலவாவது 100 அம்பியர் விநாடி, அதாவது 0.03 அம்பியர் மணியிலும் சற்றுக் குறைவு. பற்றரிக்குள் 1.5 அம்பியர் மட்டுமே திரும்பிச் சென்றாலும் அந்தச் செலவு ஒன்றிரண்டு நிமிடத்தில் ஈடாகிவிடும். நிலாவெளியிலிருந்து நகரம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அத்தனை தூரம் ஓடிய வண்டியின் பற்றரி மறுநாள் காலை இறங்கிக் கிடக்கிறதென்றால், ‘ஓட்டம் போதவில்லை, அதனால் சார்ஜ் ஏறவில்லை’ என்ற விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஸ்கூட்டரில் போய்வருபவர்களுக்கு அது பொருந்தும்.

முதல் அளவீடு ஓய்வு வோல்ற்றளவு. இரவு வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் திறப்பைப் போடுவதற்கு முன் பற்றரியின் இரு முனைகளிலும் மீற்றரை 20 வோல்ற் நேரோட்ட அளவில் வைத்துப் பாருங்கள். 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரியில் ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற், ஆகவே முழுதும் நிரம்பிய பற்றரி 12.6 முதல் 12.8 வரை காட்டும், மூடிய வகையில் இன்னும் சற்றுக் கூடலாம். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது என்று கொள்ளலாம். 10.5 வோல்ற்றுக்கு அருகில் நின்று, சார்ஜ் போட்டாலும் ஏற மறுத்தால், ஒரு கலம் முற்றாகச் செத்துவிட்டது. அந்தப் பற்றரிக்கு வைத்தியம் இல்லை. ஓடி வந்த உடனே அளக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், சார்ஜ் ஏறிய பற்றரியின் தகடுகளின் மேற்பரப்பில் சிறிது நேரம் நிற்கும் மின்னேற்றம் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும் என்பதுதான். இன்னொன்று, மீற்றருக்குள் இருக்கும் சிறு பற்றரி தீர்ந்து வந்தால் மலிவான மீற்றர்கள் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். அளவுகளில் ஐயம் வந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஓய்வு வோல்ற்றளவு மட்டும் நன்றாக இருப்பது போதாது. மீற்றரை அப்படியே பிடித்துக்கொண்டு செல்ப் பொத்தானை அழுத்துங்கள். ஆரோக்கியமான பற்றரி அந்தச் சுமையில் 10 வோல்ற்றுக்கு அருகில் இறங்கலாம், 9.5 வோல்ற்றுக்குக் கீழே விழக் கூடாது. 12.6 காட்டிய பற்றரி பொத்தானை அழுத்தியதும் 7, 8 என்று சரிந்தால், அதன் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்து உள்தடை கூடிவிட்டது என்று அர்த்தம். குளம் தூர்ந்து போன நிலை அது. ஆனால் இந்த முடிவுக்கு வருமுன் பற்றரியை வெளியே ஒரு சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் சோதியுங்கள். பாதி இறங்கிய பற்றரியை வைத்துக்கொண்டு செய்யும் எந்தச் சோதனையும் உங்களைத் தவறான இடத்துக்குத்தான் அழைத்துச் செல்லும். அடுத்து வரும் சோதனைகளுக்கும் நன்கு சார்ஜ் ஏறிய, சுமை தாங்கும் ஒரு பற்றரி கட்டாயம் தேவை. உங்களுடையது தேறாவிட்டால் நண்பர் ஒருவரின் வண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரி முனைகளில் அளக்க வேண்டும். அக்ஸிலேற்றரைத் திருகாத வெறும் ஐடிலில் 13 வோல்ற் அளவில் நின்றாலும் குறையில்லை. அக்ஸிலேற்றரை மெல்லத் திருகி நிமிடத்துக்கு 4000 சுற்று அளவுக்குக் கொண்டு போகும்போது அது 13.8 முதல் 14.5 வரையான ஓர் இடத்தில் ஏறி நின்று, மேலும் திருகினாலும் அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஏறவே இல்லை, 12.5இலேயே நிற்கிறது அல்லது இறங்குகிறது என்றால் வரத்து இல்லை. 13.2, 13.3 என்று அரைகுறையாக ஏறினால், பாதையில் எங்கோ இழப்பு இருக்கிறது, அல்லது கொயிலின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. 15 வோல்ற்றைத் தாண்டினால் ரெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அல்லது சில வண்டிகளில் பற்றரி வோல்ற்றளவை ரெகுலேற்றருக்கு அறிவிக்கும் தனி வயர் ஒன்று இருக்கும், அது அறுந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. பற்றரி நீர் வற்றிப்போகும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துச் சார்ஜ் உண்டா என்று தீர்மானிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். பற்றரி இருக்கும்வரை அதுவே வோல்ற்றளவின் ஏற்ற இறக்கங்களை உள்வாங்கிச் சமப்படுத்துகிறது. அது நீங்கிய கணத்தில் எழும் வோல்ற்றுத் துள்ளல் நல்ல ரெகுலேற்றரையும், பெற்றோல் இன்ஜெக்சன் வண்டியானால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அழித்துவிடக்கூடும். நன்றாக இருந்த பாகம் சோதனையால் கெட்டுப்போவதை விட வருத்தமான செலவு வேறில்லை.

உங்கள் வண்டியில் சார்ஜ் குறைவாக ஏறுகிறது என்று தெரியவந்தால், கொயிலுக்கும் ரெகுலேற்றருக்கும் போவதற்கு முன் வயர்களையும் மூட்டுகளையும் பாருங்கள் என்று சொல்வேன். நமது ஊரில் ஓடும் வண்டிகளுக்கு இதுவே முதலில் ஐயப்பட வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இரவெல்லாம் நிற்கும் வண்டியின் மீது உப்புத் துகள் படிந்துகொண்டே இருக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மழையே பெய்யத் தேவையில்லை, அதிகாலைக் காற்றின் ஈரமே போதும். கனெக்டருக்குள் அந்தக் கரைசல் புகுந்தால் செப்பும் பித்தளையும் பச்சையாகப் பூத்துப்போகும். வயரின் முனையிலிருந்து உள்ளே ஏறி, மேலுறைக்குள் செப்பு இழைகள் கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் வயர் புதிது போலத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓடிய வண்டிகளுக்கும், ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் பின்னால் கட்டி ஓடும் வண்டிகளுக்கும் இது இன்னும் வேகமாக நடக்கும். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் சீற்றுக்கு அடியில் இருக்கும் பற்றரி முனைகளிலும் வயர்க் கட்டிலும்தான் முதலில் விழுகிறது.

இந்த இழப்பைக் கண்ணால் தேடுவதை விட மீற்றரால் தேடுவது நிச்சயமானது. எஞ்சினை 3000 அல்லது 4000 சுற்றில் வைத்து, ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையை ரெகுலேற்றரிலிருந்து வெளியே வரும் நேர் வயரின் கனெக்டரிலும், மறுமுனையைப் பற்றரியின் நேர் முனையிலும் வையுங்கள். இரண்டுக்கும் இடையில் 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக்கு மேல் தெரிந்தால், அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. 5 அம்பியர் ஓடும் வயரில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.5 வோல்ற் அங்கே தொலைகிறது, ரெகுலேற்றர் 14.2 கொடுக்க, பற்றரிக்கு 13.7 மட்டுமே வந்து சேர்கிறது. அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீற்றரின் ஓம் அளவால் நம்பகமாகப் பிடிக்க முடியாது. மின் ஓடும்போது எழும் வோல்ற்று இழப்பைத்தான் அளக்க வேண்டும். தடையுள்ள மூட்டு எதுவென்று அறிய, ஒவ்வொரு கனெக்டரையும் பியூஸ் தாங்கியையும் தாண்டித் தாண்டி முனையை நகர்த்துங்கள். எண் திடீரென்று குறையும் இடத்துக்கு முந்திய மூட்டே அது. கையால் தொட்டால் சூடு தெரியும், சில வேளை பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியும் இருக்கும்.

நேர்ப் பக்கம் சரியாக இருந்தால், மின் வண்டியின் சட்டத்தின் வழியே பற்றரிக்குத் திரும்பும் ஏர்த் பக்கத்தையும் அதே விதமாக, ரெகுலேற்றரின் உடலிலிருந்து பற்றரியின் எதிர் முனை வரை அளவுங்கள். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். சட்டத்தோடு ஏர்த் கேபிளை இறுக்கும் ஒற்றை நட்டுக்கு அடியில் துருவோ பெயின்றோ இருந்தால் போதும், புதுப் பற்றரி, புதுக் கொயில், புது ரெகுலேற்றர் மூன்றையும் போட்டாலும் வண்டி பழையபடியே இருக்கும். கழற்றி, கம்பித் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது கிரீஸ் பூசிவிடுங்கள். கறுத்த செப்பு வயரை வெட்டிவிட்டு நல்ல பகுதியில் ஈயம் பற்றவைத்து இணைக்க வேண்டும்; வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நமது காற்றில் ஒரு மாரியைத் தாங்காது.

பாதை சரி, ஆனாலும் வரத்து இல்லை என்றால் கொயிலுக்கு வரலாம். எஞ்சினிலிருந்து வரும் கனெக்டரைக் கழற்றுங்கள். மூன்று வயர்கள், பெரும்பாலும் மூன்றும் மஞ்சள் நிறம், வெளியே வந்தால் அது மூன்று கட்டக் கொயில். இரண்டிரண்டாக மூன்று சோடிகளுக்கும் தடையை அளந்தால், ஒன்றுக்கொன்று சமமாக, பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே காட்டும். மீற்றரின் வயர்களுக்கே சிறிது தடை உண்டு. முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள். அடுத்து ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளவுங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. சிறிதளவு தொடர்பு தெரிந்தாலும் கொயிலின் வார்னிஷ் எரிந்து ஏர்த்தாகிவிட்டது. மூன்றாவதாக, கனெக்டர் கழன்ற நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரை 200 வோல்ற் ஆடலோட்ட அளவில் வைத்து, மூன்று சோடிகளையும் பாருங்கள். எத்தனை வோல்ற் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சுற்று ஏற ஏற எண்ணும் சீராக ஏற வேண்டும், மூன்று சோடிகளும் ஒரே அளவைக் காட்ட வேண்டும் என்பதே முக்கியம். வேகமாகத் திருகும்போது அது பல பத்து வோல்ற்றைத் தொடும். வெறும் முனைகளில் கை வைக்க வேண்டாம்.

குளிர்ந்த கொயில் எல்லாச் சோதனையிலும் தேறி, சூடேறிய பிறகு மட்டும் கோளாறு காட்டுவதும் உண்டு. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் நகரத்துக்கு ஒருமுறை போய்வந்த சூட்டோடு அதே அளவுகளை மீண்டும் எடுங்கள். கொயில் பழுதானது உறுதியாகி, புதிதாகக் கட்டக் கொடுப்பதானால், பழைய கம்பியின் பருமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமலும், சூடான எஞ்சின் ஒயிலைத் தாங்கும் வார்னிஷ் பூசியும் கட்டுபவரிடம் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் அசல் பாகத்துக்கே பணத்தைச் செலவழிப்பது நல்லது.

இன்னொரு விடயம். ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஆகவே கொயிலில் குறையில்லை என்று உங்களுக்கு யாராவது சொன்னால் அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பழைய அமைப்புள்ள பல சிறு வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு என்றே தனியான சுற்று கொயிலில் உண்டு; அந்த மின் பற்றரிக்குப் போவதே இல்லை. சார்ஜுக்கான சுற்று அறுந்து கிடந்தாலும் விளக்கு அழகாக எரியும். உங்கள் வண்டி எந்த வகை என்று அறிவது எளிது: எஞ்சினை ஓடவிடாமல் திறப்பை மட்டும் போட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். எரியாவிட்டால் அது பெரும்பாலும் கொயிலிலிருந்து நேரே வரும் விளக்கு. அதன் வெளிச்சம் பற்றரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கிக் அடித்தால் வண்டி உடனே பிடிக்கிறது என்பதும் அப்படியே. கார்புரேற்றர் வண்டிகள் பலவற்றில் பிளக்குக்கான தீப்பொறி பற்றரியை நம்பியிருப்பதில்லை. அதனால்தான் கோளாறு மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறது.

கொயிலும் தேறிவிட்டது, வயர்களும் தேறிவிட்டன, பற்றரியும் நல்லது. அப்படியும் 13.8 வோல்ற்றை எட்டவில்லை என்றால் எஞ்சி நிற்பது ரெகுலேற்றர்தான். அதற்குள் மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட்கள் இருக்கின்றன. மீற்றரின் டயோட் சோதனையில் ஒவ்வொரு மஞ்சள் முனைக்கும் நேர் முனைக்கும் இடையே ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வரை காட்டி, முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். இரு திசையிலும் பூச்சியம் என்றால் அது எரிந்துவிட்டது. ஆனால் டயோட்கள் நன்றாக இருந்தும் உள்ளே கட்டுப்படுத்தும் பகுதி கெட்டிருக்கலாம், அதை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே அதே மாதிரி வண்டி ஒன்றின் ரெகுலேற்றரைப் பூட்டிப் பார்ப்பதே முடிவான வழி. பெரும்பாலான ரெகுலேற்றர்கள் மிகையான மின்னைத் திருப்பிக் கொயிலுக்குள்ளேயே சுற்றவிட்டு, அதைச் சூடாக மாற்றித்தான் கட்டுப்படுத்துகின்றன. அதன் செட்டைகளில் காற்றுப் படாமல் சேறு அப்பியிருந்தால், அல்லது அழகுக்காகப் பூட்டிய ஒரு மூடி காற்றை மறைத்தால், புதியதும் விரைவில் எரியும்.

இதுவரை வரத்தைப் பார்த்தோம். வரத்து நன்றாக இருந்து, ஓடும்போது 14.2 காட்டி, காலையில் மட்டும் பற்றரி இறங்கிக் கிடந்தால் கசிவைத் தேட வேண்டும். உங்கள் வண்டியில் அலாரம் இருப்பதால் இதை எப்படியும் செய்தே ஆக வேண்டும். திறப்பை அணைத்துவிட்டு, பற்றரியின் எதிர் முனைக் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் முனைக்கும் இடையே மீற்றரைத் தொடராக இணையுங்கள். முதலில் 10 அம்பியர் துளையில் தொடங்கி, எண் மிகச் சிறியதென்று கண்ட பிறகு மில்லி அம்பியருக்கு இறங்குங்கள். மீற்றர் அப்படி இருக்கும்போது திறப்பைப் போட்டால் மீற்றரின் பியூஸ் போய்விடும், செல்ப் அடித்தால் மீற்றரே போய்விடும். அலாரம் இல்லாத வண்டியில் 1 மில்லி அம்பியருக்கு மேல் போக வேண்டிய காரணம் அநேகமாக இல்லை. 40 மில்லி அம்பியர் கசிந்தால் 4 அம்பியர் மணிப் பற்றரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில், முற்றாகத் தீர்ந்துவிடும். செல்ப் எடுக்க மறுப்பது அதற்கு வெகு முன்னரே. கசிவு தெரிந்தால் அலாரத்தின் இணைப்பைக் கழற்றுங்கள். குறையாவிட்டால் ரெகுலேற்றரின் கனெக்டரைக் கழற்றுங்கள். அப்போது குறைந்தால் அதன் டயோட் பின்னோக்கிக் கசிகிறது. இரண்டிலும் குறையாவிட்டால் திறப்புப் பூட்டுக்குள் உப்பு ஈரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேலதிக விளக்குகளைப் பற்றியும் கணக்கோடு பேசுவோம். இரண்டு விளக்குகளும் தலா 20 வோற்று என்றால் மொத்தம் 40 வோற்று, அதாவது 3 அம்பியருக்குச் சற்று மேல். இது ஒரு சாதாரண ஹெட்லைட்டின் சுமைக்கு ஈடானது. சிறு வண்டியின் கொயில் அந்த ஒரு ஹெட்லைட்டையும் மற்றத் தேவைகளையும் எண்ணிச் செய்யப்பட்டது. இன்னொன்றைத் தூக்கும் மிச்சம் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது, ஐடிலில் நிச்சயம் இருக்காது. விளக்குகளை எரியவிட்டபடி 4000 சுற்றில் பற்றரி வோல்ற்றளவைப் பாருங்கள், 13.5க்கு மேல் நின்றால் இரவில் வெளியூர்ப் பாதையில் போடலாம், 13க்குக் கீழே விழுந்தால் எரியும் ஒவ்வொரு நிமிடமும் பற்றரியிலிருந்துதான் எடுக்கிறீர்கள். நகரத்துக்குள் அவற்றை அணைத்துவிடுங்கள்.

இரண்டு பற்றரிகள் அடுத்தடுத்துப் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அசிட் ஊற்றிப் பயன்படுத்தும் புதுப் பற்றரியை, அசிட் ஊற்றிய அரை மணி நேரத்தில் அப்படியே வண்டியில் பூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது அது முழுதாக நிரம்பியிருப்பதில்லை. அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், 4 அம்பியர் மணிப் பற்றரியானால் 0.4 அம்பியரில், பல மணி நேரம் முதல் சார்ஜ் ஏற்றிய பிறகே அதைப் பூட்ட வேண்டும். ஏற்கெனவே சார்ஜ் குறைவாக ஏறும் வண்டியில் அரைகுறையாக நிரம்பிய பற்றரியைப் போட்டால், அது ஒரு நாளும் நிறையாமலேயே சல்பேற்றுப் படிந்து செத்துப்போகும். கார்ப் பற்றரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். அந்த மின்னோட்டத்தைச் சிறு தகடுகள் தாங்கா. மூடி திறக்கும் வகைப் பற்றரியானால், கச்சான் வீசும் மாதங்களில் இரு வாரத்துக்கொரு முறை நீர் மட்டத்தைப் பாருங்கள். அந்த வெக்கையில் நீர் விரைவாக வற்றும், கோடுகளுக்கிடையே நிற்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் விட வேண்டும். கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அசிட்டை மேலும் ஊற்றுவதும் கூடாது. முனைகளில் வெள்ளை மாவு பூத்திருந்தால், கலங்களின் மூடிகள் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அப்பச் சோடாவைக் கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள். கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள்; அப்படிச் செய்தால் ஸ்பனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறுவதால் அருகில் சிகரெட்டோ நெருப்போ கூடாது.

உங்கள் வண்டியை நேரில் பார்க்காமல், சொன்ன அறிகுறிகளையும் வண்டி நிற்கும் இடத்தையும் மட்டும் கொண்டு வரிசைப்படுத்தச் சொன்னால், ஏர்த் மூட்டையும் ரெகுலேற்றர் கனெக்டரையும் முதலாவதாகவும், அலாரத்தின் கசிவை இரண்டாவதாகவும், ரெகுலேற்றரை மூன்றாவதாகவும், கொயிலைக் கடைசியாகவும் வைப்பேன். கொயிலை நோக்கி எஞ்சின் மூடியைத் திறப்பது ஒயிலை வடித்து, கஸ்கெற்றை மாற்றும் வேலை. வெளியிலிருந்தே கனெக்டரில் ஐந்து நிமிடத்தில் அளந்து தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காக அதை யாரும் திறக்க விடாதீர்கள். ஓய்வு வோல்ற்றளவு, செல்ப் அடிக்கும்போது இறங்கிய அளவு, ஐடிலிலும் 4000 சுற்றிலும் காட்டியவை, நேர்ப் பக்கமும் ஏர்த் பக்கமும் தொலைந்த வோல்ற்றுகள், திறப்பு அணைந்த நிலையில் கசிந்த மில்லி அம்பியர், கொயிலின் மூன்று சோடிகளும் காட்டிய எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். வேலை தெரிந்த மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதை உங்களிடம் கேட்காமலே புரிந்துகொள்வார். வேலை முடிந்ததும் அதே எண்களை அவர் முன்னிலையிலேயே மீண்டும் அளந்து, 4000 சுற்றில் 13.8 முதல் 14.5 வோல்ற்றுக்குள் நிற்பதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.